பச்சைப்பால் சோதனையில் எண்ணிக்கை ஏறினால் எங்கே தேடுவது? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கடலூர், பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சாம்பிள் வந்து சேரும் ஒரு மத்திய ஆய்வகத்தில், நுண்ணுயிர்ப் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். முடிவு வெளியான அரை மணி நேரத்தில் போன் வந்துவிடும். “மேடம், போன வாரம் வரைக்கும் எங்க பால் நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப எப்படி அறுபது லட்சம் வரும்?” கேட்பவர் பால் கூட்டுறவுச் சங்கச் செயலாளர். அவர் சொல்வது பாலில் மில்லிக்கு எத்தனை கிருமி என்ற எண்ணிக்கை. அவருக்குப் பின்னால் ஐம்பது வீட்டின் பால் பணம் நிற்கிறது. அதனால் இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டேன்.

ஒரே ஒரு எண்ணை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. இரண்டு சோதனை முடிவுகளை அருகருகே வைத்தால்தான் பால் எந்த இடத்தில் கெட்டது என்று பிடிபடும். கீழே உள்ள தலைப்புகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட ஜோடிகள்தான். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கைக்காசு போகும் காரணம் கடைசியில்.

அளவுகோலாக நான் வைத்திருப்பது ஐ.எஸ். 1479 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதியில் உள்ள தரவரிசை. கிருமியைத் தட்டில் வளர்த்து எண்ணும் எஸ்.பி.சி. மில்லிக்கு 2 லட்சத்துக்குள் இருந்தால் மிக நன்று, 10 லட்சம் வரை நன்று, 50 லட்சம் வரை சுமார், அதைத் தாண்டினால் மோசம். பாலில் கலந்த மெத்திலீன் நீலச் சாயத்தைக் கிருமிகள் வெளுக்க வைக்கும் நேரமான எம்.பி.ஆர்.டி.யில் 5 மணி நேரமோ அதற்கு மேலோ மிக நன்று, 3 முதல் 4 மணி நன்று, 1 முதல் 2 மணி சுமார், அரை மணிக்குள் வெளுத்தால் மோசம்.

## எதற்கும் முன்னால்: சாம்பிளையே சந்தேகப்படுங்கள்

என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். மாட்டையும் கறவைக்காரரையும் குறை சொல்வதற்கு முன்னால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

சாம்பிள் வந்து சேர்ந்தபோது எத்தனை டிகிரி? பெட்டியில் ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டில் கூடுதலாக வையுங்கள். அதில் இருப்பதும் பால்தான், ஆனால் சோதனைக்கு அல்ல, வெப்பமானி விட்டுப் பார்க்க மட்டும். அது 4 டிகிரிக்குள் இருந்தால் மேலே போகலாம். 10, 12 என்று காட்டினால் எஸ்.பி.சி. போடாதீர்கள். போட்டாலும் அந்த எண் பாலைப் பற்றிச் சொல்லாது, கிழக்குக் கடற்கரைச் சாலை வெயிலில் நின்ற வண்டியைப் பற்றித்தான் சொல்லும். ஐஸ் கட்டிகளை மட்டும் போட்டால் பாட்டில்களுக்கு நடுவே காற்று நிற்கும். ஐஸும் தண்ணீரும் கலந்த குழம்பில், பால் மட்டம் மூழ்கும்படியும் மூடி வெளியே தெரியும்படியும் பாட்டில் நிற்க வேண்டும். மூடி மூழ்கினால் ஐஸ் தண்ணீர் உள்ளே கசியும். மீன் ஐஸ் போட்டு அனுப்பிய பெட்டியில் கோலிஃபார்ம் (சாணம், கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி வகை) தாறுமாறாக ஏறியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

எடுத்து எத்தனை மணி நேரம் ஆகிறது? 24 மணி நேரத்துக்குள் தட்டில் ஊற்றியாக வேண்டும்.

எந்தப் பாட்டிலில் வந்தது? கொழுப்பு பார்க்க எடுக்கும் பாட்டிலில் பொட்டாசியம் டைகுரோமேட்டோ ஃபார்மலினோ இருக்கும். அந்தப் பாலில் எஸ்.பி.சி.யும் எம்.பி.ஆர்.டி.யும் செய்யவே கூடாது. பிரோனோபால் போட்ட பாட்டில் உடல் செல் (மாட்டின் மடியிலிருந்து பாலில் வரும் செல்கள்) எண்ணிக்கைக்கு ஏற்றது, தட்டுக்கு ஆகாது. மூடியின் நிறத்தை வைத்துப் பிரித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

யார், எந்த வரிசையில் எடுத்தார்? நுண்ணுயிர்ச் சாம்பிளைத்தான் முதலில் எடுக்க வேண்டும், கொழுப்புச் சாம்பிள் பிறகு. பெரும்பாலான இடங்களில் நடப்பது தலைகீழ். எல்லோருடைய கேனிலும் முங்கி எழுந்த அதே கரண்டி கடைசியில் சுத்தமான பாட்டிலுக்கு வருகிறது. கரண்டியை வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்துப் போனாலே போதும்.

நான்கும் சரி என்றால் மறுநாள் புதிதாக இரண்டு சாம்பிள் எடுங்கள். மறுசாம்பிளும் அதே மாதிரி வந்தால் மட்டும் கீழே படியுங்கள்.

## அறிகுறி 1: எஸ்.பி.சி. ஏறிவிட்டது, நீலமும் சீக்கிரம் வெளுக்கிறது

இரண்டும் ஒரே திசையில் போனால் கிருமி உண்மையாகவே பெருகியிருக்கிறது. எங்கே பெருகியது என்பதுதான் கேள்வி.

### ஒருநாள் மட்டும் ஏறி இறங்கியதா?

மின்தடை, வண்டி தாமதம், ஜெனரேட்டரில் டீசல் இல்லை. நோட்டைப் புரட்டினால் போதும். கறந்த சூட்டில் பால் நின்றால் அரை மணிக்கு ஒரு முறை கிருமி இரட்டிப்பாகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டிப்பு, அதாவது 250 மடங்குக்கு மேல். வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

### மாலைப் பாலில் மட்டும் ஏறுகிறதா?

காலையில் கழுவிய கேன் மூடியோடு நிற்கிறது. உள்ளே ஒரு கையளவு தண்ணீர். சாயங்காலத்துக்குள் அது கிருமிக் குட்டை. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கேனைக் கவிழ்த்து, மூடியைத் தனியாக வெயிலில் காயவைத்தால் மூன்றே நாளில் எண்ணிக்கை இறங்கும்.

### தினமும் ஏறியே இருக்கிறதா?

பி.எம்.சி., அதாவது பாலை மொத்தமாகக் குளிர்விக்கும் தொட்டி, இருக்கும் இடமென்றால் குளிர்ப்பு, கழுவுதல் இரண்டையும் பாருங்கள்.

குளிர்ப்பு: பால் ஊற்றி முடித்ததிலிருந்து 4 டிகிரிக்கு வர எவ்வளவு நேரம்? கடிகாரத்தை வைத்து எழுதுங்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் சிக்கல். இரவு குளிர்ந்து கிடக்கும் பாலில் காலைப் பாலை ஊற்றும்போது கலவை 10 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்து ஊற்றுங்கள். தொட்டியின் வெப்பமானி சரியா என்று ஐஸ் தண்ணீரில் விட்டு ஒரு முறை பாருங்கள், பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 4 என்று காட்டிக்கொண்டே 8 டிகிரியில் ஓடிய தொட்டிகள் உண்டு. அடுத்தது கண்டென்சர் கம்பிகளில் படிந்த தூசி, வைக்கோல் துகள். பிரஷ் வைத்துத் தட்டினாலே அரை மணி நேரம் மிச்சமாகும். கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று அந்த அலுமினியத் தகடுகளை வெள்ளையாக அரித்துவிடும், தொட்டால் உதிரும். அந்த நிலைக்கு வந்திருந்தால், அல்லது கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தும் குளிர் ஏறவில்லை என்றால், குளிர்சாதன மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேஸ் நிரப்புவதும் வயரிங்கைத் தொடுவதும் சங்க ஊழியர் செய்யும் வேலை இல்லை.

கழுவுதல்: குளிர்ப்பு சரியாக இருந்தும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் படிப்படிச் சாம்பிள் எடுங்கள். நான் பெரிதும் நம்புவது இதைத்தான். ஒரே நாளில், ஒரே ஆளைக் கொண்டு, ஐந்து இடத்தில்: கறந்த பாத்திரம், சங்கத்துக்கு வந்த கேன், தொட்டிக்குள் மேலே, தொட்டியின் அடிக்குழாய், டேங்கர். ஐந்தையும் ஒரே நேரத்தில் தட்டில் ஊற்றுங்கள். எந்தப் படியில் எண் தாவுகிறதோ அங்கேதான் குற்றவாளி.

பாகூர்ப் பக்கம் ஒரு சங்கத்தில் மூன்று மாதம் உறுப்பினர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பால் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் படிப்படிச் சாம்பிள் எடுத்தோம். பாத்திரத்தில் 80 ஆயிரம், கேனில் 3 லட்சம், தொட்டி மேலே 4 லட்சம், அடிக்குழாயில் 70 லட்சம். வால்வைக் கழற்றினால் ரப்பர் வளையத்துக்குப் பின்னால் மஞ்சளாகத் தயிர் மாதிரி ஒரு பசை. வளையத்தை மாற்றி, வாராவாரம் வால்வைக் கழற்றிக் கழுவச் சொன்னோம், அவ்வளவுதான். நின்றுபோனவர்களில் ஒரு அம்மா திரும்ப வந்து, “என் மாட்டைத்தானே சொன்னீங்க” என்று கேட்டார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. சாம்பிளை முதல் வாரமே எடுத்திருக்கலாம்.

கழுவும் வரிசையில் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு, முதல் தண்ணீரையே கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது. புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு சூடான காரக் கரைசல் போட்டுத் தேய்ப்பு, பிறகு நல்ல தண்ணீர். பால் ஊற்றுவதற்குச் சற்று முன்னால் 200 பி.பி.எம். குளோரின் தண்ணீர். 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் 10 லிட்டருக்கு 40 மில்லி. போன வருஷம் திறந்த கேனில் மிச்சமிருப்பதை எடுத்து அளக்காதீர்கள். அதில் குளோரின் போய் ரொம்ப நாளாகியிருக்கும்.

## அறிகுறி 2: எஸ்.பி.சி. அதிகம், ஆனால் நீலம் 5 மணி தாண்டியும் வெளுக்கவில்லை

“எம்.பி.ஆர்.டி. ஆறு மணி நேரம் நின்னுச்சு, நீங்க எப்படி 30 லட்சம் போடுறீங்க?” என்ற சண்டை பெரும்பாலும் இந்தத் தலைப்பில்தான் வரும். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை.

முதலில் உங்கள் தண்ணீர்த் தொட்டி. 37 டிகிரியில் இருக்கிறதா, குழாய்க்குள் உள்ள பால் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கிறதா? 33 டிகிரியில் எந்தப் பாலும் நல்ல பால்தான். அடுத்து நீலக் கரைசல். 10 மில்லி பாலுக்கு 1 மில்லி என்ற அளவு சரியா, கரைசலைக் கண் பார்வையில் கரைத்தார்களா? அடர்த்தி கூடினால் வெளுக்க நேரம் கூடும்.

இரண்டும் சரியென்றால் பால் குளிரில் ரொம்ப நேரம் கிடந்திருக்கிறது. பி.எம்.சி. வந்த பிறகு இது சகஜமாகிவிட்டது. குளிரிலும் மெல்ல வளரும் சூடோமோனாஸ் வகைக் கிருமிகள் நீலத்தை அவ்வளவாக வெளுப்பதில்லை. அதனால் குளிர்ந்த பாலுக்கு எம்.பி.ஆர்.டி.யை மட்டும் நம்பித் தரம் பிரிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கிருமி விட்டுப்போகும் நொதிகள் பாஸ்ச்சரைசேஷனையும் தாங்கும். கிருமி செத்த பிறகும் அவை பாக்கெட் பாலைக் கசக்க வைக்கும். இரண்டு நாள் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். தொட்டியை 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள். கழுவும் தண்ணீரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள், இந்தக் கிருமிக்குத் தண்ணீர்தான் தாய்வீடு.

## அறிகுறி 3: எஸ்.பி.சி. குறைவு, ஆனால் நீலம் சட்டென வெளுக்கிறது

குழாய் ஸ்டாண்ட் ஜன்னல் ஓரமா? வெயில் பட்டாலே நீலம் வெளுக்கும். தொட்டிக்கு மூடி போடுங்கள். குழாய்கள் சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலும் இதேதான்.

அது இல்லையென்றால் எஸ்.பி.சி. பக்கம்தான் தவறு இருக்க வாய்ப்பு. கிருமி வளர்க்கும் கூழான அகாரை 45 டிகிரிக்கு ஆறவிடாமல் ஊற்றிக் கிருமியைக் கொன்றிருக்கலாம். குடுவையை விரல் முட்டியில் தொட்டுப் பார்த்து ஊற்றும் பழைய ஆட்கள் உண்டு. அகார் குடுவைக்குப் பக்கத்தில் இன்னொரு குடுவையில் தண்ணீர் வைத்து அதில் வெப்பமானி விடுங்கள்.

இரண்டும் சரியென்றால் மாட்டுக்குப் போங்கள். சீம்பால் கலந்திருக்கலாம். அல்லது மடிநோய்ப் பால், அதில் உள்ள உடல் செல்களே நீலத்தை வெளுக்கும். அறிகுறி 6-ஐப் பாருங்கள்.

## அறிகுறி 4: மொத்த எண்ணிக்கை பரவாயில்லை, கோலிஃபார்ம் மட்டும் உயர்கிறது

சாணம், தண்ணீர், கை. இந்த மூன்றைத் தாண்டி அபூர்வமாகத்தான் போக வேண்டியிருக்கும்.

கறவை நேரத்தில் போய் நின்று பாருங்கள், சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மடியைக் கழுவுகிறார்கள், துடைப்பதில்லை. சாணத்தோடு சொட்டும் அந்தத் தண்ணீர் காம்பு வழியாக நேராகப் பாத்திரத்தில் விழுகிறது. ஈர மடியைவிட உலர்ந்த மடி நல்லது. விரல் வழுக்கட்டும் என்று பாலிலேயே விரலை நனைத்துக் கறக்கும் பழக்கம் இன்னொன்று. வீடு வீடாகப் போய் நாலு தெருவுக்கும் கறக்கும் கறவைக்காரரிடம் இது இருந்தால், ஒரு தொழுவத்துக் கிருமி இருபது தொழுவத்துக்குப் போகும். அவரைக் குற்றவாளியாக்காமல், ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் சோப்பும் ஒவ்வொரு வீட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். அவர் கட்டாயம் கழுவுவார். வைத்துக்கொடுக்க யாருமில்லாததுதான் குறை.

ஐப்பசி, கார்த்திகையில் பல சங்கங்களில் ஒரே நேரத்தில் கோலிஃபார்ம் ஏறினால் தண்ணீரைப் பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரு நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணை வெள்ளம் கடலூர்க் கிராமங்களுக்குள் வந்தது. கிணறும் ஆழ்துளைக் குழாயின் வாயும் மூழ்கிய இடத்தில், தண்ணீர் தெளிந்து பழைய நிறத்துக்கு வந்தாலும் உள்ளே சாக்கடை கலந்தே இருக்கும். தொட்டித் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள். கலங்கிய தண்ணீரென்றால் இந்த அளவு போதாது, முதலில் தெளியவிட வேண்டும். இரண்டு முறை குளோரின் போட்ட பிறகும் தண்ணீர்ச் சோதனையில் கோலிஃபார்ம் வந்தால், பக்கத்தில் கழிவறைத் தொட்டி கசிகிறது என்று எடுத்துக்கொண்டு குடிநீர் வாரியத்தாரையோ பொதுப்பணித் துறையையோ அழையுங்கள். அதுவரை பாத்திரத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர்தான்.

## அறிகுறி 5: ஆய்வகத்தில் சுடவைத்த பின்னும் எண்ணிக்கை இறங்கவில்லை

பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் குளிரவிட்டு மறுபடி தட்டில் ஊற்றும் சோதனை இது. சூட்டைத் தாங்கும் கிருமி மாட்டிலிருந்து இவ்வளவு வராது. பால்கல்லில், அதாவது பாத்திரச் சுவரில் படிந்த சுண்ணாம்புப் படலத்தில், அல்லது வெடித்த ரப்பரில் குடியிருக்கும்.

காய்ந்த கேனின் உள்சுவரை நகத்தால் சுரண்டுங்கள். மாவு மாதிரி வந்தால் பால்கல். காரம் எத்தனை முறை போட்டாலும் அது கரையாது, பால் பாத்திரத்துக்கென விற்கும் அமிலக் கரைசல் வேண்டும், வாரத்துக்கு ஒரு முறை. நம் கடலோரக் கிராமங்களில் உப்பும் கடினமுமான தண்ணீர் உள்ள இடங்களில் இன்னும் அடிக்கடி. அமிலத்தையும் குளோரினையும் ஒரே நேரத்தில் கலக்கவே கூடாது, வரும் வாயு ஆளைக் கொல்லும். ரப்பர் வளையங்களை வெடிப்பு தெரியும்வரை காத்திராமல் மாற்றுங்கள். கேனில் பள்ளம், தையல் விட்ட மூலை இருந்தால் கேனையே ஒதுக்க வேண்டியதுதான்.

## அறிகுறி 6: உடல் செல் எண்ணிக்கை உயர்கிறது

நல்ல மடியிலிருந்து வரும் பாலில் மில்லிக்கு 2 லட்சத்துக்குள் இருக்கும். ஐரோப்பாவில் பசும்பாலுக்கு 4 லட்சத்தை எல்லையாக வைத்திருக்கிறார்கள். சங்கப் பாலில் அதற்கு மேல் போனால் உள்ளே மடிநோய் மாடு இருக்கிறது, வெளியே தெரியாமல்.

### எஸ்.பி.சி.யும் சேர்ந்து உயர்ந்ததா?

மடியே கிருமியைக் கொட்டிக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு மாடு முழுக் கேனையும் கெடுக்கும்.

### செல் மட்டும் உயர்ந்ததா?

கன்று போட்டு ஒரு வாரம்கூட ஆகாத மாடா, வற்றும் தறுவாயில் இருக்கும் மாடா என்று கேளுங்கள். அப்படியென்றால் அந்த மாட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒவ்வொரு மாட்டின் ஒவ்வொரு காம்பையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மடிநோயைக் காட்டும் சி.எம்.டி. திரவம் கிடைத்தால், சமஅளவு பாலும் திரவமும் விட்டுப் பத்து விநாடி சுழற்றுங்கள். கிடைக்காத ஊரில் சலவைத்தூளை 3 சதவீதக் கரைசலாகக் கரைத்தும் செய்யலாம். கஞ்சி மாதிரி கெட்டியானால் அந்தக் காம்பில் நோய். முதல் பீச்சை கறுப்புத் துணி மேல் விட்டுத் திட்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். தரையில் விடாதீர்கள், அடுத்த மாடு அதில்தான் படுக்கும்.

நோய்க் காம்பு உள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள். கறந்ததும் காம்பை மருந்துக் கரைசலில் முக்கி, மாடு உடனே படுக்காதபடி தீவனம் போடுங்கள். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசும் வைத்தியம் நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும், ஆரம்ப நிலையில் பலன் தந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாலில் ரத்தம், மடி சூடாகக் கல் போல ஆவது, மாடு தீவனம் தொடாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் 1962-க்கு அழைத்தால் நடமாடும் ஊர்தி வரும். ஒரே தொழுவத்தில் மூன்று மாட்டுக்கு மேல் வந்தாலோ, ஊசி போட்டும் திரும்பத் திரும்ப வந்தாலோ, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குரும்பாப்பட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மருந்துக் கடையில் தாமே வாங்கி ஊசியை மாற்றி மாற்றிப் போடுவதுதான் அடுத்த அறிகுறிக்கு வழி.

## அறிகுறி 7: எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு, அல்லது பால் தயிராகவில்லை

மே மாதத்தில், பி.எம்.சி. இல்லாத ஊரிலிருந்து, மூன்று மணி நேரம் வண்டியில் வந்த பாலில் 20 ஆயிரம் என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

காசு குறைந்த சோதனைகளிலிருந்து தொடங்குங்கள். பாரா பினைலீன் டைஅமீன் கரைசல் சில சொட்டு விட்டு நீலம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. கந்தக அமிலத்தோடு ஊதா வளையம் வந்தால் ஃபார்மலின். சாராயமும் (எத்தனால்) ரோசாலிக் அமிலமும் விட்டு ரோஜாச் சிவப்பு வந்தால் சோடா கலந்து புளிப்பை மறைத்திருக்கிறார்கள்.

மூன்றும் இல்லையென்றால் மருந்து. மாட்டுக்கு ஊசி போட்டவர், கால்நடை மருத்துவர் சொன்ன நாள்வரை பாலை ஒதுக்கவில்லை. சூட்டில் வளரும் ஒரு பாக்டீரியாவை வைத்து 64 டிகிரியில் சுமார் மூன்று மணி நேரத்தில் முடிவு சொல்லும் கிட்டுகள் உள்ளன. ஊதா மஞ்சளாக மாறினால் பால் சுத்தம், ஊதாவாகவே நின்றால் பாலில் ஏதோ கிருமியைத் தடுக்கிறது. கிட் இல்லாத இடத்தில் கொதித்து ஆறிய பாலில் நல்ல உறை விட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுப் பால் உறைந்து இது உறையவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. உறுப்பினரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தாமல் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்தவர்தான். ஊசி போட்ட மாட்டின் பாலைச் சொல்லி ஒதுக்குபவருக்கு அந்த நாட்களில் தண்டனை வராது என்று சங்கம் உறுதி சொன்னால்தான் யாரும் உண்மை சொல்வார்கள்.

## அறிகுறி 8: கொதிக்க வைத்தால் திரிகிறது

5 மில்லி பாலைக் குழாயில் விட்டு, கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம். திரிந்தால் அன்றைய பாலைக் காப்பாற்ற வழியில்லை, அறிகுறி 1-க்குப் போங்கள்.

சாராயச் சோதனையில் மட்டும் திரிந்து, புளிப்பு 0.17 சதவீதத்துக்குள் இருந்தால் கிருமியைத் தேடாதீர்கள். சீம்பால், வற்றும் மாடு, மடிநோய், தாது உப்புக் குறைவு, இந்த வரிசையில் பாருங்கள். வெறும் வைக்கோல் மட்டும் கிடைக்கும் கோடையில் இது அதிகம். தாது உப்புக் கலவை கொடுத்து இரண்டு வாரம் பொறுங்கள்.

## அறிகுறி 9: அன்றைக்கு வந்த எல்லாச் சாம்பிளும் ஒரே மாதிரி உயர்வு

ஆய்வகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. நாற்பது சங்கமும் ஒரே நாளில் கெட்டுப்போகாது. முடிவை அனுப்பாமல் நிறுத்துங்கள்.

பால் ஊற்றாத வெற்றுத் தட்டைப் பாருங்கள். அதில் வளர்ந்திருந்தால் கரைப்பான் தண்ணீர், பிப்பெட், அகார், இதே வரிசை. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 நிமிடம் என்று மீட்டர் காட்டும். உள்ளே திணித்து அடுக்கியிருந்தால் நடுவில் இருப்பது வெந்திருக்காது. பதினைந்து நிமிடம் திறந்து வைத்த தட்டில் பூஞ்சை வந்தால் மழைக்கால ஏ.சி. வடிகட்டி.

வெற்றுத் தட்டு சுத்தமாக இருந்தும் எல்லாம் உயர்ந்திருந்தால், தட்டுகளை ஒரே வெப்பத்தில் வளரவிடும் பெட்டியான இன்குபேட்டர். நம் ஊரில் சித்திரை வைகாசியில் அறையே 36 டிகிரி. சூடாக்க மட்டும் தெரிந்த சாதாரணப் பெட்டி 30 டிகிரியை எப்படிப் பிடிக்கும்? குளிரவும் வைக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் இருந்தால்தான் 30 டிகிரி 72 மணி நேரம் என்பது உண்மை. அது வாங்கப் பணம் வேண்டும், நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கேளுங்கள். மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டிலும் வெப்பமானி வைத்து ஒரு வாரம் எழுதிய தாளைக் கொண்டு போனால் மறுக்க மாட்டார்கள். அளவுகளைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் அங்கீகாரம் பெற்ற அளவீட்டு நிறுவனத்திடம் விடுங்கள்.

## அறிகுறி 10: இரண்டு ஆய்வகம், இரண்டு எண்

ஒரு இடத்தில் தட்டு, இன்னொரு இடத்தில் பாக்டோஸ்கேன் மாதிரி ஒளிக்கற்றை வழியாக எண்ணும் கருவியா? அப்படியென்றால் எண்கள் ஒத்துப்போகவே கூடாது. தட்டில் ஒரு கொத்துக் கிருமி ஒரு புள்ளியாக வளரும். கருவி அதைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணும். கருவி எண் கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒப்பிட, உங்கள் பகுதிப் பாலை வைத்தே போட்ட மாற்று அட்டவணை வேண்டும். குளிர்நாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், நம் பாலில் இருக்கும் கிருமிக் கூட்டம் வேறு.

இரண்டு இடமும் தட்டுதான் என்றால், ஒரே பாலை நன்றாகக் கலக்கி இரண்டாகப் பிரித்து, ஒரே பெட்டியில், ஒரே ஐஸில், ஒரே நாளில் இரு இடத்துக்கும் அனுப்புங்கள். இரு இடத்திலும் எண்ணிய தட்டில் 30 முதல் 300 புள்ளிக்குள் இருந்ததா என்று கேளுங்கள். எட்டே புள்ளி உள்ள தட்டைப் பத்து லட்சத்தால் பெருக்கி எழுதிய எண்ணுக்காக ஒரு சங்கத்தின் ஒரு வாரப் பணத்தைப் பிடித்த சம்பவம் எனக்குத் தெரியும். மூன்று முறை பிரித்து அனுப்பியும் பத்து மடங்கு வித்தியாசம் வந்தால், இரண்டு ஆய்வகத்தையும் விட்டு, ஆய்வகங்களைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள மூன்றாவது இடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது வெப்பம் பார்க்கும் அந்தக் கூடுதல் பாட்டிலையும் பெட்டியில் வையுங்கள்.